காரைத் துலக்கக் கொடுக்குமுன்

திருமங்கலத்துக் கரிசற்புழுதியும் மேலூர்ச் செம்மண்ணும் படிந்த காரைக் கழுவி மெருகிட்டுத் தரும் ‘டீட்டெய்லிங்’ கடைகள் மதுரையில் இன்று பல உள. எவரை நம்புவது?

காரின் வண்ணத்தின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு தலைமயிரினும் மெல்லியது. பாலிஷ் இயந்திரம் அப்பூச்சையே சிறிது தேய்த்தெடுத்துத்தான் கீறலைப் போக்குகிறது. அடிக்கடி தேய்த்தால் மிஞ்சுவது என்ன? ஆதலின், “இதற்கு வாட்டர் வாஷ் போதும்” என்று தம் வருவாயைக் குறைத்துக்கொள்ளத் துணிபவரே நம்பத்தக்கவர். பூச்சின் கனத்தை அளக்கும் கருவி உண்டா எனவும் கேட்போம்.

செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி வாங்கி, அதே வேலைகளுக்கு வேறொரு கடையிலும் விலை கேட்போம். (குனிந்து தேய்க்கும் இளைஞரின் கூலியும் அதில் அடக்கம், பேரத்திற்கும் ஓர் எல்லை உண்டு.)

ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் வெயிலில் உலர்ந்தால் வெண்புள்ளிகள் விழும்; நிழலில் கழுவி உடனே துடைக்கிறார்களா எனப் பார்ப்போம். தரையில் விழுந்த துணியை உதறி மீண்டும் காரில் வைப்பாராயின், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவதே நலம்.