தீபாவளிப் படங்களும் கலாசாலைப் பிள்ளைகளும்

துர்க்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்து மூங்கில்களை லாரியில் ஏற்றும் நாட்களிலேயே நம் இல்லங்களில் தீபாவளிப் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. அண்டை வீட்டு வங்காளிகள் காளி பூஜைக்கு விளக்கு வாங்குகையில் நாம் சீயக்காய் தேடிக் கடைவீதி செல்கிறோம். கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது: "இந்தத் தீபாவளிக்கு யார் படம் வருகிறது?" யார் படம் என்றால் எந்த நடிகரின் படம் என்றே பொருள். எடுத்தவர் யார், அவர் தம் தொழிலை எங்கே கற்றார் என்று கேட்பாரைக் காண்பது அரிது. பண்டிகை நெருங்கும் இவ்வேளையில் அந்த இரண்டாவது கேள்வியைக் குறித்துச் சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம். காரணம் உண்டு, அதைப் பின்னர் சொல்கிறோம்.

சென்னையில் 1945-ஆம் ஆண்டிலேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கும் அரசினர் வகுப்புகள் தொடங்கின. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று மக்கள் வழங்கியதும், இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கித் தரமணியில் இயங்குவதும் அதுவே. நெடுங்காலம் அங்கே தேறியவர்களைப் பட முதலாளிகள் ஐயக்கண் கொண்டே நோக்கினர். ஓர் இயக்குநரிடம் ஆண்டுக்கணக்கில் உதவியாளனாக அலைந்தவனே தொழில் அறிந்தவன். கரும்பலகையைப் பார்த்துக் கற்றவனுக்குக் கொட்டகையின் நாடி பிடிக்கத் தெரியாது என்பது அவர்கள் துணிபு.

அத்துணிபை அசைத்த படம் 'ஊமை விழிகள்'. 1986 ஆகஸ்டு 15 அன்று வெளியாயிற்று. எழுதிய ஆபாவாணனும் இயக்கிய ஆர். அரவிந்தராஜும் அக்கல்லூரியில் பயின்றவர்கள். இளம் பெண்கள் மாயமாய் மறைவதும், பத்திரிகைக்காரர்களும் ஒரு காவல்துறை அதிகாரியும் அதைத் துப்புத் துலக்குவதுமே கதை. அதிகாரியாக விஜயகாந்த் நடித்தார். சினிமாஸ்கோப்பின் அகன்ற திரையை அஞ்சாமல் கையாண்ட அந்தப் புதியவர்களை மக்கள் ஏற்றுக்கொண்டனர். படம் பெருவெற்றி கண்டது.

எனினும் சுதந்திர தினம் வேறு, தீபாவளி வேறு. தீபாவளியன்று படம் வெளியிடுவது பெரிய பந்தியில் இலை போடுவது போன்றது. பக்கத்து இலையில் என்ன பரிமாறப்படுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1987-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு அதே அரவிந்தராஜ் இயக்கத்தில், அதே ஆபாவாணன் எழுத்தில் 'உழவன் மகன்' வந்தது. எதிரே யார்? மணிரத்னம் இயக்கி, கமலஹாசன் நடித்த 'நாயகன்'. எஸ்.பி. முத்துராமன் இயக்கி, ரஜினிகாந்த் நடித்த 'மனிதன்'. அத்தகைய போட்டியின் நடுவிலும் 'உழவன் மகன்' தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். மாணவர் படம் என்று ஒன்றை மட்டுமே அன்று பேசினர். 'நாயக'னின் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது பெற்ற பி.சி. ஸ்ரீராம் அதே அரசினர் கல்லூரியின் மாணவரே. 'மனிதன்' நாயகரோ பெங்களூரில் பஸ் கண்டக்டர் வேலையை விட்டுச் சென்னைக்கு வந்து நடிப்புப் பள்ளியில் பயின்றவர். ஆகவே எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் அன்று பாடம் படித்த ஒருவரின் கைவண்ணத்தையே ஜனங்கள் கண்டனர்!

அதன்பின் பண்டிகைகள் ஒவ்வொன்றாக அவர்கள் வசமாயின. ஆர்.கே. செல்வமணி என்ற மற்றொரு மாணவரின் முதற்படமான 'புலன் விசாரணை' 1990-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கும், அவருடைய 'கேப்டன் பிரபாகரன்' 1991-ஆம் ஆண்டுச் சித்திரைப் பிறப்புக்கும் வெளியாயின. இரண்டிலும் விஜயகாந்தே நாயகர். தாம் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் பயிலாத அவர், பயின்றவர்களை நம்பித் தம் பெயரைப் பணயம் வைத்தார். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது இதை நினைவுகூர்ந்தோர் பலர். ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை: ஒளியும் ஒலியும் உயர்ந்த அளவுக்குக் கதைகள் உயரவில்லை. வில்லனும் சண்டையும் பழைய இடத்திலேயே இருந்தன.

இனி நம் நகருக்கு வருவோம். திரைப்படக் கல்விக்கும் வங்கத்துக்கும் உள்ள உறவு பழையது. பூனா கல்லூரியில் 1960-களில் ஆசிரியராக விளங்கிய ரித்விக் கட்டக்கிடம் பயின்ற மலையாளியான ஜான் ஆபிரகாம்தான் 1977-ல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்து தேசிய விருது பெற்றார். 1995-ல் கல்கத்தாவிலேயே மத்திய அரசு ஒரு கல்லூரியை நிறுவி, அதற்கு சத்யஜித் ராயின் பெயரைச் சூட்டியது. (ராய் எந்தத் திரைப்படக் கல்லூரிக்கும் போனதில்லை, விளம்பர நிறுவனத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவர்.) கிழக்குப் பைபாஸ் சாலையில் நாம் எத்தனையோ முறை கடந்து போகும் அக்கல்லூரியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு முதலியவை கற்பிக்கப்படுகின்றன. பட்டம் பெற்றவரே சேரலாம். நுழைவுத் தேர்வு உண்டு. எந்த மாநிலத்தாரும் எழுதலாம். மலையாள இயக்குநர் அமல் நீரத் அங்கே பயின்றவர். துர்க்கா பூஜைக் காலத்து நம் தெருக்களையே காட்டிய 'கஹானி' என்ற இந்திப் படத்தைத் தொகுத்துத் தேசிய விருது பெற்ற நம்ரதா ராவும் அங்கே படித்தவர்.

இதை எழுதக் காரணம் உண்டென்றோமே, அது இதுதான். லேக் மார்க்கெட் பக்கத்தில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. மகள் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள், ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்கிறாள். தந்தையார் பாங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். நம்மிடம் யோசனை கேட்டார்கள். பாங்கியைப் போல முதல் தேதியில் சம்பளம் வரும் தொழில் இதுவன்று என்பதை மறைக்காமல் சொன்னோம். படித்து முடித்தபின்னும் சில ஆண்டுகள் பிறர் படங்களில் உதவியாளராக இருக்க நேரலாம் என்றோம். ஆயினும் ஒலியும் தொகுப்பும் கைத்தொழில்கள். நாயகர் மாறினாலும் அவற்றுக்கு ஆள் தேவை என்றோம். அடையாற்றுப் பிள்ளைகளை 1986-க்கு முன் ஊரார் என்ன சொன்னார்கள் என்பதையும் எடுத்துரைத்தோம்.

"விடுதியில் பெண்ணைச் சேர்ப்பதா?" என்றார் தாயார்.

"அம்மா, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேனே!" என்றாள் பெண்.

தந்தையார் இன்னும் பதில் சொல்லவில்லை. தீபாவளி கழியட்டும் என்றிருக்கிறார். பண்டிகையன்று குடும்பத்தோடு படம் பார்க்கப் போகிறார்களாம். பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அந்தப் பெண் இப்போதே நிபந்தனை விதித்திருக்கிறாள்.