பி.எஸ்சி கெமிஸ்ட்ரி: மூன்று வருஷம் போட்ட காசு எப்போது திரும்பும்?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் கேட்கும் கேள்வி: "ஆர்ட்ஸ் காலேஜ்ல கெமிஸ்ட்ரியா? படிச்சுட்டு என்ன பண்ணப் போற?" கேட்பவர் சும்மா கேட்பதில்லை. செலவு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், லேப் கோட், ரெக்கார்டு நோட்டு என்று போவதுதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்த மாணவிக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். 36 மாதமும் வந்தால் 36,000 ரூபாய்.

அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அதே வளாகம், அதே பாடம்தான். ஆனால் உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்கு வேறு கட்டணம். எந்தப் பிரிவில் சீட் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

ரசீதில் வராத செலவு

பிளஸ் 2 முடித்ததும் வேலைக்குப் போன நண்பர் மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 5,40,000 ரூபாய். காலேஜுக்குப் போனவர் கைவிட்ட தொகை இது. அரசுக் கல்லூரியில் படிப்பவருக்கு டிகிரியின் நிஜமான விலை இதுதான்.

டிகிரி முடித்ததும் கிடைக்கிற வேலை பெரும்பாலும் மருந்து கம்பெனி, ரசாயன ஆலை. சென்னையை அடுத்த ஆலத்தூர், கடலூர் சிப்காட், ராணிப்பேட்டை, இல்லையென்றால் ஐதராபாத். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், அதாவது 'க்யூ.சி.'யில், ஷிஃப்ட் வேலை. ஆரம்பச் சம்பளம் அந்த நண்பருடையதைவிட ரொம்ப அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதம் 5,000 ரூபாய் கூடுதல் என்று வைத்தாலும், விட்ட 5,40,000-ஐ எடுக்க 108 மாதம், ஒன்பது வருஷம் ஆகும். வயது 30-ஐ நெருங்கிவிடும்.

ஆனால் முதல் சம்பளச் சீட்டோடு கணக்கை மூடினால் ஒரு விஷயம் விட்டுப்போகும். 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 71-வது விதி என்று ஒன்று இருக்கிறது. மருந்து தயாரிப்பு தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்கிறது அது. ஃபார்மசி பட்டதாரி என்றால் 18 மாத அனுபவம் போதும். வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரி என்றால் மருந்து தயாரிப்பில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். கம்பெனிகளில் 'அப்ரூவ்டு கெமிஸ்ட்' என்று சொல்வது இவர்களைத்தான். லைசென்ஸுக்கே ஆள் தேவை என்பதால் பேரம் பேசும் பலம் வருகிறது. அதே மூன்று வருஷத்தை விற்பனை வேலையில் கழித்தால் இந்தக் கதவு திறக்காது.

இன்னும் இரண்டு வருஷம் படித்தால்?

எம்.எஸ்சி சேர்த்தால் ஐந்து வருஷம். விட்ட சம்பளம் 9 லட்சம். நண்பரின் சம்பளம் அதற்குள் 20,000 ஆகியிருக்க, எம்.எஸ்சி முடித்தவருக்கு 35,000 கிடைத்தால் மாதம் 15,000 வித்தியாசம். 9 லட்சம் 60 மாதத்தில் திரும்பிவிடும். அதிகம் படித்தவருக்கு காசு சீக்கிரம் திரும்புகிறது! இதில் 'கிடைத்தால்' என்பதுதான் கனமான வார்த்தை.

எங்கெல்லாம் கிடைக்கிறது? சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கி பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஓ.என்.ஜி.சி.யில் கெமிஸ்ட் பணிக்கு ஊதிய விகிதம் 60,000-ல் தொடங்குகிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கும் வேதியியல் என்றால் முதுநிலைதான் தகுதி. பி.எஸ்சி மட்டும் இருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. எல்லாமே கடும் போட்டி. ஆசிரியர் வழியும் ஐந்து வருஷம்தான். பி.எட். இரண்டு ஆண்டு, டெட், அதன்மேல் நியமனத் தேர்வு. தாண்டினால் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400. தாண்டும்வரை தனியார் பள்ளியில் வாங்குவது அதன் பக்கத்தில்கூட வராது.

வீட்டில் கடன் இருக்கிறது, 21 வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்பவரிடம் 'மேல படிப்பா' என்று அறிவுரை சொல்வது சுலபம். அவருக்கு பி.எஸ்சி-யோடு நேராகப் போகும் வழி ஒன்று உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையமும் கல்பாக்கம் இந்திரா காந்தி மையமும் எடுக்கும் உதவித்தொகைப் பயிற்சியாளர் பணி அது. பயிற்சி முடிந்து சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் ஆனால் அடிப்படை ஊதியம் 35,400. ஆனால் பி.எஸ்சி-யில் 60 சதவீதம் கட்டாயம். முதல் செமஸ்டரில் விட்ட மார்க் இங்கேதான் வந்து நிற்கும்.

இன்னொன்று, பார்ட் 1 தமிழும் பார்ட் 2 ஆங்கிலமும். 'கெமிஸ்ட்ரிக்கு இது எதுக்கு' என்று கட் அடிக்கும் பேப்பர்கள். மருந்து ஆலையில் எழுதி வைக்காத வேலை நடக்காத வேலை. லாக் புக்கில் நான்கு வரி ஆங்கிலம் தெளிவாக எழுதத் தெரிந்தவர்தான் ஆடிட் வரும்போது முன்னால் நிற்பார்.

அட்மிஷனுக்குப் போகும்போது லேபையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பியூரெட், பிப்பெட் எல்லா இடத்திலும் இருக்கும். க்யூ.சி. இன்டர்வியூவில் கேட்பது எச்.பி.எல்.சி. பற்றி. அந்தக் கருவி இருக்கிறதா, மாணவர்கள் தொட விடுவார்களா என்று மூன்றாம் ஆண்டு படிக்கும் அண்ணன், அக்காவிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.