மூங்கிலுக்குள் ஓர் அப்பா

தம்பி, தங்கைகளே! தவளை எங்கே முட்டையிடும்? “குளத்தில்!” என்று உடனே சொல்லிவிட்டீர்கள். சபாஷ்! சரி, குளமே வேண்டாம் என்கிற தவளை எங்கே முட்டையிடும்?

திருநெல்வேலிப் பக்கம், களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குப் போவோம். அங்கே மலைச்சரிவுகளில் நாணல் மூங்கில் அடர்ந்து வளர்கிறது. இரண்டு கணுக்களுக்கு நடுவே அதன் உள்பக்கம் வெறும் கூடுதான். சில மூங்கில்களில் பூச்சியோ எலியோ துளை போட்டிருக்கும். உண்டியலில் காசு போடும் வாய் மாதிரி, சில மில்லிமீட்டர் அகலம்தான். அதற்குள் உடம்பை நெருக்கிக்கொண்டு நுழைகிறது ஒரு பச்சைத் தவளை!

அதன் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். தொடையில் சாம்பல் கலந்த நீலம். கறுத்த கண்ணில் பொன்னிறத் திட்டுகள். அறிவியல் பெயர் ராவோர்செஸ்டஸ் சலசோடஸ். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

ஆண் தவளை உள்ளே இருந்தபடியே குரல் கொடுக்கும். பெண் தவளை வந்து 5 முதல் 8 முட்டைகள் இடும். இனிமேல்தான் அதிசயம். இந்த முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது. வாலும் நீச்சலுமான பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் ஏன் தேவையில்லை என்று புரிந்ததா?

முட்டைகளுக்குக் காவல் யார்? அப்பாதான்! மாலையில் சிறிது நேரம் இரை தேடப் போவார். மற்ற நேரமெல்லாம் முட்டைகளோடுதான். கே. எஸ். சேஷாத்ரி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளியும் சில மூங்கில்களிலிருந்து அப்பாவை மட்டும் எடுத்துவிட்டுக் கவனித்தார்கள். அங்கே முட்டைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. அவற்றைத் தின்றவை எவை தெரியுமா? அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண் தவளைகள்! அப்பா ஏன் அப்படிக் காவல் காக்கிறார் என்பது இப்போது விளங்குகிறது, இல்லையா?

1870களில் ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞர் இந்தத் தவளையைப் பற்றி முதலில் எழுதினார். பிறகு நூறாண்டுக்கு மேல் இது யார் கண்ணிலும் படவில்லை. மறுபடி கிடைத்த செய்தி 2011இல்தான் வந்தது.

இன்றும் இது அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. காகிதத்துக்கும் கூடைக்கும் நாணல் மூங்கிலை வெட்டுகிறார்கள். வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. தவளை முட்டையிடும் மழைமாதங்களில் மட்டுமாவது துளையுள்ள மூங்கில்களை விட்டுவைக்க வேண்டும். பெரியவர்களிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள், கண்ணுகளா!