கடல்நீர் அமிலமாதல்: கடலூர், சிதம்பரம் கடற்கரையை முன்னிட்டு ஒரு விளக்கம்

"கடல்நீர் அமிலமாகி வருகின்றது" என்னும் செய்தி இக்காலத்தில் நாளிதழ்களிலும் சொற்பொழிவுகளிலும் அடிக்கடி இடம்பெறுகின்றது. இதனைக் கேட்போர் இருவகையில் தவறாகப் பொருள்கொள்ளக்கூடும். கடல்நீர் தோலைச் சுடும் அமிலமாக மாறிவிடும் என அஞ்சுவது ஒன்று. ஆலைகள் கடலில் விடும் கழிவுநீரே இதற்குக் காரணம் எனக் கொள்வது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. கடலூர் முதல் சிதம்பரம் வரையுள்ள கடற்கரையில் பணிபுரிவோர்க்கு, இவற்றுள் இரண்டாவது தவறு வெறும் சொற்பிழை அன்று. யார் எதற்குப் பொறுப்பு என்னும் நியாயமே அதனால் திரிந்துபோகும். ஆகவே இந்நிகழ்ச்சியின் இயல்பை முதலிலும், அதன் பொறுப்பைப் பின்னும் இக்கட்டுரையில் காண்போம்.

1. கிளிஞ்சல் தரும் பாடம்

கிளிஞ்சல்களைச் சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது தமிழகக் கடற்கரையில் தொன்றுதொட்டு நடந்துவரும் தொழில். கிளிஞ்சல், சிப்பி, சங்கு, பவளம் ஆகிய அனைத்தும் கால்சியம் கார்பனேட் என்னும் ஒரே பொருளால் ஆனவை. சூளையின் வெப்பத்தில் அப்பொருளிலிருந்து கரியமில வாயு வெளியேறுகின்றது. எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு.

அச்சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்தால் சுண்ணாம்புத் தெளிநீர் கிடைக்கும். அதனுள் ஒரு குழல் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்தினால் நீர் பால்போல் வெண்மையாகும் என்பதைப் பள்ளியில் பயின்றிருக்கிறோம். அவ்வெண்மை கால்சியம் கார்பனேட்டே; அதாவது, கிளிஞ்சலின் பொருளே மீண்டும் நுண்துகளாகத் தோன்றுகின்றது. ஆனால் சோதனை அத்துடன் முடிவதில்லை. வாயுவைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளிவடைகின்றது. முதலில் கிளிஞ்சலின் பொருளை உண்டாக்கிய அதே வாயு, மிகுதிப்படும்பொழுது அதனைக் கரைத்துவிடுகின்றது. கடலில் இன்று நடப்பதன் சாரம் இச்சோதனையின் பிற்பகுதியில் அடங்கியுள்ளது.

2. காற்றிலிருந்து கடலுக்கு

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றை எரிக்கும்பொழுது அவற்றிலுள்ள கரி, காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகின்றது. 12 கிலோ கரி எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 இல் சார்லஸ் கீலிங் தொடர் அளவீட்டைத் தொடங்கியபொழுது ஏறத்தாழ 315 ஆக உயர்ந்திருந்தது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது.

மனிதர் வெளியிடும் இவ்வாயு முழுவதும் காற்றில் தங்குவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கின்றது. இதனால் நிலவுலகின் வெப்பம் ஓரளவு தணிகின்றது; ஆனால் அதற்குரிய விலையைக் கடல் செலுத்துகின்றது. சோடா நீரில் நாம் உணரும் மெல்லிய புளிப்பு, அழுத்தத்தால் நீரில் கரைந்த கரியமில வாயு கார்பானிக் அமிலமாவதனால் வருவது. கடலிலும் அவ்வாறே, மிக நுண்ணிய அளவில், இவ்வமிலம் தோன்றுகின்றது. தோன்றியவுடன் அது பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகின்றது. நீரின் அமிலத்தன்மை என நாம் கூறுவது இவ்வயனிகளின் மிகுதியையே.

இவ்வாறு வெளிப்பட்ட ஹைட்ரஜன் அயனிகள் தனித்து நிற்பதில்லை. கடல்நீரில் கரைந்துள்ள கார்பனேட் அயனிகளோடு அவை கூடிப் பைகார்பனேட்டாகின்றன. கடலில் கரைந்துள்ள கரிச்சேர்மங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட்; கார்பனேட் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. ஓடு கட்டும் உயிர்களுக்கு இன்றியமையாதது அந்தச் சிறுபங்காகிய கார்பனேட். ஆகவே கடல் "அமிலமாகின்றது" என்பதைவிட, "ஓடு கட்டுதற்குரிய பொருள் கடலில் அருகி வருகின்றது" என்பதே உண்மைக்கு நெருங்கிய கூற்று எனலாம்.

3. சிறு எண், பெரு மாற்றம்

அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலை டென்மார்க் நாட்டு வேதியியலறிஞர் சோரன்சன் 1909 இல் வகுத்தார். இதில் 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம்; மேல் காரம். கடலின் மேற்பரப்பு நீர் தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்தது. இன்று ஏறத்தாழ 8.1. ஆகவே கடல் இன்னும் காரத்தன்மை உடையதே. அக்காரத்தன்மை குறைந்து வருகின்றது என்பதே செய்தி.

"0.1 தானே குறைந்தது?" என வினவலாம். இவ்வளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கைக் குறிக்கும். ஆதலால் 0.1 என்னும் இறக்கம், ஹைட்ரஜன் அயனிகள் 25 முதல் 30 விழுக்காடு வரை பெருகியதைக் காட்டுகின்றது. மனித இரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கவேண்டும். அதற்குக் கீழ் 0.1 இறங்கினாலும் மருத்துவர் அதனை நோய் என்றே கருதுவர். உயிர்களின் உடலியக்கத்திற்குச் சிறு எண் சிறிதன்று. கரிப்புகை இன்றுபோல் பெருகிக்கொண்டே சென்றால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் மேலும் 0.3 அளவு இறங்கக்கூடும் என்பது அறிவியலாரின் கணிப்பு.

கடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாதா என்பது அடுத்த வினா. சரிசெய்துகொள்ளும். நிலத்துப் பாறைகள் மழையில் தேய்ந்து ஆறுகளின் வழியாகக் கடலுக்குக் காரப்பொருளைச் சேர்க்கின்றன. கடலடியிலுள்ள சுண்ணாம்புப் படிவுகளும் கரைந்து அமிலத்தை ஈடுசெய்கின்றன. ஆயினும் இவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடைபெறும் செயல்கள். ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கரி கடலிலும் காற்றிலும் கலந்தபொழுது, பழைய நிலை மீள ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்ததைக் கடலடிப் படிவுகள் காட்டுகின்றன. மாற்றத்தின் அளவைவிட அதன் வேகமே இங்கு இடர்ப்பாடு.

4. ஓடுடைய உயிர்கள்

இன்றைய மேற்பரப்பு நீரில் சிப்பியின் ஓடு உடனே கரைந்துபோவதில்லை. ஆனால் ஓட்டைக் கட்டுதற்கு அவ்வுயிர் முன்னிலும் மிகுதியான ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கின்றது. முதன்முதலில் ஓடு கட்டத் தொடங்கும் இளங்குஞ்சுகளே இதில் மிகவும் நலிவடைகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையிலுள்ள சிப்பிப் பண்ணைகளில் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளஞ்சிப்பிகள் திரளாக மடிந்தன. ஆழ்கடலிலிருந்து மேலெழுந்த, அமிலத்தன்மை மிகுந்த நீரே காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது.

நம் மாநிலத்தின் மன்னார் வளைகுடாவில் 2010 இலும் 2016 இலும் பவளங்கள் வெளிறின. அது கடல்நீர் சூடேறியதால் விளைந்தது, அமிலத்தன்மையால் அன்று. எனினும் இரண்டு கேட்டிற்கும் மூலம் ஒரே புகை. வெப்பத்தால் மடிந்த பவளத்தின் இடத்தில் புதிய பவளம் எழும்புவதை அமிலத்தன்மை மேலும் கடினமாக்குகின்றது.

5. பரங்கிப்பேட்டையும் நெய்வேலியும்

இவ்வினையின் இரு முனைகளும் ஒரே மாவட்டத்தில் காணக்கிடைக்கின்றன என்பது கருதத்தக்கது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம், வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் அமைந்துள்ளது. பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் வளர்ந்த அந்நிலையத்தை 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு உயர் ஆய்வு மையமாக ஏற்றது. அதே பத்தாண்டில், 1962 இல், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் பணி தொடங்கியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் உறங்கிய கரி ஒருபுறம் எழுப்பப்பட்டது; அக்கரி சென்று சேரும் கடல் மறுபுறம் ஆராயப்பட்டது.

நெய்வேலியின் புகை பரங்கிப்பேட்டைக் கடலில்தான் இறங்குகின்றது என இதனால் கொள்ளலாகாது. கரியமில வாயு உலகக் காற்றெங்கும் கலந்துவிடும். எங்கே எரிந்ததாயினும் எல்லாக் கடலையும் அது தொடும். நெய்வேலியின் புகை ஹவாயின் கடலையும், பிறநாட்டுப் புகை கிள்ளைக் கடலையும் மாற்றுகின்றன.

வெள்ளாற்று முகத்துவாரமும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் ஆய்வாளர்க்கு ஒரு தனிச் சிக்கலைத் தருகின்றன. பகலில் இலைகளும் பாசிகளும் ஒளியால் உணவு சமைக்கும்பொழுது நீரிலுள்ள கரியமில வாயு குறைந்து பி.எச். உயரும். இரவில் எல்லா உயிர்களும் மூச்சுவிட, அது தாழும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் கலந்து மீண்டும் மாறும். ஆகவே ஒருநாள் எடுத்த அளவைக் காட்டி "இதோ, கடல் அமிலமாகிவிட்டது" என்று கூறுவது அறிவியல் ஆகாது. பல்லாண்டுத் தொடர் அளவீடுகளே உண்மையைக் காட்டும். ஹவாய்க்கு அருகில் 1988 முதல் நடைபெறும் அளவீடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 0.002 என்னும் சீரான இறக்கத்தைக் காட்டியுள்ளது.

வங்கக் கடலுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய பேராறுகள் அதன் வடபகுதியில் நன்னீரைக் கொட்டுவதால், அமிலத்தை ஈடுகட்டும் வலிமை அந்நீருக்குக் குறைவு. விசாகப்பட்டினத்திலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் மண்டல மையத்தார் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, நிலத்திலிருந்து காற்று சுமந்துவரும் கந்தக, நைட்ரஜன் மாசுகளும் இக்கடலின் கரையோர நீரில் அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன என எடுத்துக்காட்டிற்று.

6. இரு வழக்குகள்

இனிப் பொறுப்பைக் காண்போம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் கழிவுகள் உப்பனாற்றையும் காற்றையும் கெடுக்கின்றன எனச் சுற்றுவட்டார மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். இது ஒரு வழக்கு. இதில் குழாய் எங்கிருந்து வருகின்றது எனக் காட்டலாம், நீரைச் சோதிக்கலாம், சட்டத்தின்முன் நிறுத்தலாம், கழிவை நிறுத்தினால் ஆறு சில ஆண்டுகளில் தேறவும் கூடும்.

கடல் அமிலமாதல் வேறொரு வழக்கு. இதில் சுட்டிக்காட்டுதற்கு ஒற்றைக் குழாய் இல்லை. இருநூறு ஆண்டுகளாக உலகெங்கும் எரிந்த கரியே குற்றவாளி. அதில் செல்வ நாடுகளின் பங்கு பெரிது. நம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் எரியும் விளக்குகளுக்கும் அதில் ஒரு பங்குண்டு.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பது இருபுறமும் அநீதிக்கு இடந்தரும். உப்பனாற்றில் மீன் மடிந்தால், "உலகக் கடலே மாறிவருகின்றது, என்செய்வது" என ஓர் ஆலை தப்பித்துக்கொள்ளலாம். மறுபுறம், நான்கு ஆலைகளை மூடினால் கடல் நலம்பெறும் என நாம் மனநிறைவு கொண்டு, கரி எரிப்பதைப்பற்றிய கேள்வியைக் கைவிட்டுவிடலாம். பிச்சாவரத்தின் கால்வாய்களில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்திற்கு இவ்விரு வழக்குகளும் வேண்டும். ஒன்றற்காக மற்றொன்றை இழக்க அவர்களால் இயலாது. கரியை மிகக் குறைவாக எரித்தோரே கடலை மிகுதியாக நம்பி வாழ்கின்றனர் என்பது இதில் அடங்கிய நியாயக் கேள்வி.

7. தீர்வின் எல்லைகள்

அலையாத்திக் காடுகளைக் காப்பது நன்று. அவை சேற்றில் கரியைச் சேமிக்கின்றன, கரையையும் காக்கின்றன. ஆயினும் எரியும் கரியின் அளவை நோக்க அச்சேமிப்பு சிறிது. சூரிய ஒளியைத் தடுத்துப் பூமியைக் குளிர்விக்கலாம் என்னும் திட்டங்களும் பேசப்படுகின்றன. அவை வெப்பத்தைக் குறைத்தாலும், காற்றிலுள்ள வாயுவை அகற்றா. ஆதலால் கடல் அமிலமாவதைத் தடுக்கா. கரி எரிப்பதைக் குறைத்தல் ஒன்றே நேரான வழி. அதனை விரைந்து குறைத்தால் இந்நூற்றாண்டின் எஞ்சிய காலத்தில் பி.எச். இறக்கம் 0.1க்கும் குறைவாக நிற்கும் என்றும் கணித்துள்ளனர். 0.3க்கும் 0.1க்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் மனிதர் கையிலேயே உள்ளது.

நெய்வேலியில் கரியை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்கள் பல்லாயிரம் உண்டு. கரியைக் குறைக்கும்பொழுது அவர்களுக்கு மாற்றுவழி காண்பதும் இதே நியாயத்தின் பகுதியாகும். கரையிலும் சுரங்கத்திலும் வாழும் இருதிறத்தாரும் நம் சபைகளில் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் இப்பொருளைப் பற்றிப் பேசுவோர், சரியான சொல்லையும் சரியான அளவையும் கொண்டு பேசுதல் கடமையாகும்.