உயிரணுவின் சக்தி நிலையமும் அதன் வாயில்களும்

மைட்டோகாண்டிரியா என்றால் என்ன?

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா எனும் நுண்ணிய பாகங்கள் உள்ளன. உணவிலிருந்து நமக்குத் தேவையான சக்தியைத் தயாரிப்பவை இவையே. மூளை, காது, கண், இதயம், தசை ஆகியவற்றுக்கு அதிகச் சக்தி தேவை. ஆகவே, மைட்டோகாண்டிரியாவில் கோளாறு ஏற்பட்டால் இவை எளிதில் பாதிக்கப்படுகின்றன.

புரதங்கள் எப்படி உள்ளே செல்கின்றன?

மைட்டோகாண்டிரியாவுக்கு 1,000க்கும் அதிகமான வகைப் புரதங்கள் தேவை. அவற்றுள் 13 மட்டுமே அதற்குள் தயாராகின்றன. மற்றவை வெளியே தயாராகி உள்ளே வரவேண்டும்.

• பல புரதங்களின் முனையில் முகவரிச் சீட்டுப் போன்ற ஒரு பகுதி இருக்கும்.
• வெளிச்சவ்வில் உள்ள வாயில் அதை அடையாளம் கண்டு வழிவிடும்.
• புரதம் மடிப்பு விரிந்து, நூல்போல உள்ளே நுழையும்.
• உட்சவ்வின் வாயிலையும் கடந்த பிறகு, முகவரிப் பகுதி வெட்டி நீக்கப்படும். புரதம் தனக்குரிய வடிவில் மடிந்து வேலையைத் தொடங்கும்.

இந்தப் பாதையில் கோளாறு ஏற்பட்டால்?

இரு சவ்வுகளுக்கும் இடையே சில புரதங்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் துணைப் புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணு பழுதடைந்தால், மோர்-டிரானெப்யார்க் எனும் மிக அரிய நோய் ஏற்படுகிறது. பெரும்பாலும் ஆண்களையே இது பாதிக்கிறது. சிறுவயதிலேயே செவிப்புலன் குறையும். பின்னர், தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளலாம், பார்வையும் மங்கலாம்.

குடும்பத்தில் பரவுமா?

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய்க்கு அது இருந்தால், ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஒவ்வொரு மகளும் அந்த மரபணுவைப் பெறும் வாய்ப்பும் அதே அளவுதான். இது யாருடைய தவறும் அன்று. கர்ப்பகாலத்தில் உண்ட உணவு இதற்குக் காரணமாகாது.

நீங்கள் செய்யவேண்டியவை

• பிறந்தபோது செய்த செவிப்புலன் பரிசோதனையில் குறை தெரியாவிட்டாலும், பின்னர் சந்தேகம் எழுந்தால் பிள்ளையை மீண்டும் பரிசோதிக்கச் செய்யுங்கள். பெரும்பாலும் வேறு காரணங்களே இருக்கும்.
• தாய்வழி உறவினரில் ஆண்களுக்குச் சிறுவயதிலேயே காது கேளாமை இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.
• மரபணுப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. எனினும், காரணம் சீக்கிரம் தெரிந்தால் பேச்சு, கல்வி, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரை நாடுங்கள்.