வெயிலில் தெளியும் கண்ணாடி

பழைய பிலிம் கேமராப் பிரியர்கள் தேடி வாங்கும் லென்ஸ்களில் ஒன்று, ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1960களில் பென்டாக்ஸ் கேமராக்களுக்காகத் தயாரித்த சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4. இன்று அதை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் கடுந்தேநீர் நிறத்தில் தெரியும். துடைத்தால் போகாது, அது அழுக்கும் அல்ல, பூஞ்சையும் அல்ல. கண்ணாடியே உள்ளுக்குள் நிறம் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யக் கடைக்குப் போக வேண்டாம். வெயில் போதும்.

ஒளியை நன்றாக வளைக்கும் கண்ணாடி, பொதுவாக அதை வண்ணங்களாகவும் அதிகம் பிரித்துவிடும். படத்தின் விளிம்புகளில் வண்ணக் கசிவு வருவது அதனால்தான். கண்ணாடியில் தோரியம் ஆக்சைடைச் சேர்த்தால் ஒளி நன்றாக வளையும், வண்ணங்களோ அவ்வளவாகப் பிரியாது. இந்த லென்ஸிலும் அதனால்தான் அதைச் சேர்த்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் இருக்கும் அதே தோரியம்தான் இது.

தோரியம் கதிரியக்கத் தனிமம். அதிலிருந்து ஓயாமல் வெளிப்படும் கதிர்வீச்சு, கண்ணாடியில் உள்ள எலெக்ட்ரான்களை இடம்பெயர்க்கிறது. அவற்றில் சில, கண்ணாடியின் அணு அமைப்பில் உள்ள குறைகளில் சிக்கிக்கொள்கின்றன. இந்த இடங்களுக்கு நிற மையங்கள் என்று பெயர். இவை நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால் எஞ்சிய ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. ஆண்டுகள் கூடக்கூட மஞ்சளும் அடர்கிறது. பிலிமுக்குப் போய்ச் சேரும் ஒளியும் குறைகிறது.

சிக்கிய எலெக்ட்ரான்களை விடுவிக்கச் சிறிது ஆற்றல் வேண்டும். அது வெயிலின் புற ஊதாக் கதிரில் இருக்கிறது. லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, முன்னும் பின்னும் மூடிகளை எடுத்துவிடுங்கள். முன்னால் யூ.வி. ஃபில்டர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். வேண்டிய கதிரையே அது தடுத்துவிடும். ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை முழுதாகத் திறந்து, அலுமினியத் தாளின் மேல், பின்பக்கக் கண்ணாடி வெளிச்சத்தைப் பார்க்கும்படி ஜன்னலோரம் வையுங்கள். தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ மஞ்சள் வெளுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீமூட்டக்கூடியது. அருகில் துணியோ காகிதமோ இருக்கக் கூடாது, ஆள் இல்லாத வீட்டில் அதை விட்டுச் செல்லவும் கூடாது. உச்சி வெயிலும் வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அபர்ச்சர் இதழ்களில் படியும். வெயில் கிடைக்காதவர்கள் புற ஊதா எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்தலாம்.

இந்த லென்ஸைக் கேமராவில் மாட்டிப் படம் எடுக்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூள் மூச்சில் போகக் கூடாது.

தோரியத்தின் அரைவாழ்வு சுமார் 1,400 கோடி ஆண்டுகள்; பிரபஞ்சத்தின் வயதை விடச் சற்றே அதிகம். ஆகவே கதிர்வீச்சு ஓயப்போவதில்லை, தெளிந்த கண்ணாடி காலப்போக்கில் மறுபடி மஞ்சளிக்கும். அப்போதும் இதே வைத்தியம் பலிக்கும். மஞ்சளித்துவிட்டது என்பதற்காக நல்ல லென்ஸ் ஒன்றை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.