மந்திரமும் பாத்திரமும்

மறைந்து கிடந்த ஆற்றலை இளமையில் உணர்தல் கதைகள் பலவற்றிற்குப் பொருளாம். சாத்தனாரின் மணிமேகலையும் அத்தகையதே. மாதவி மகளைக் கணிகையர் தொழிலிற் புகுத்தப் பாட்டி சித்திராபதி முயல்கின்றாள். இளவரசன் உதயகுமரன் பின்தொடர்கின்றான். மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத்திற் சேர்க்க, ஆண்டுப் புத்த பீடிகையால் முற்பிறப்புணர்ந்து, அவ்விளவரசனே அப்பிறப்பிற் கணவன் என அறிகின்றாள். வேற்றுருக் கொள்ளவும், வானிற் செல்லவும், தன் பசி போக்கவும் மூன்று மந்திரங்கள் பெறுகின்றாள்.

ஆயின் மந்திரம் முற்றுங் காத்ததோ? இளவரசனுக்கு அஞ்சிக் காயசண்டிகை வடிவங் கொண்டாள். அவளைத் தன் மனைவியென மயங்கிய காஞ்சனன் உதயகுமரனை வெட்டி வீழ்த்தினான். கோமுகிப் பொய்கையிற் பெற்ற அமுதசுரபியோ எவர்க்குந் தீங்கு செய்திலது. அதன் சோற்றாற் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. தன்னை மறைக்கும் மந்திரத்தினும் பிறர் பசி தீர்க்கும் பாத்திரமே பெரிதென்பது இக்காப்பியத்தாற் பெறப்படும்.